சீதனமாக வந்த பள்ளம்

கல்யாணத்தில் என் மாமனார் எனக்குச் சீதனமாகக் கொடுத்தவை ஒரு கைக்கடிகாரம், ஒரு தேக்குக் கட்டில், தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம். கடிகாரம் மறுமாதமே நின்றுபோனது. கட்டிலை, அது தேக்கு என்பது தெரியாத கரையான்கள் தின்று தீர்த்தன. பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. ஆண்டிபட்டி–கம்பம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது.

வைகை அணை கட்டுவதற்கு முன்னால், இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தில் மாமனாருக்கு ஒரு செங்கல் காளவாசல் இருந்தது. செங்கலுக்காக மண்ணை வெட்டி வெட்டி, யானை மேல் யானையை நிறுத்தினாலும் மேல் யானையின் காது வெளியே தெரியாத ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தார். அணை நிரம்பியபோது ஊரும் ரோடும் காளவாசலும் முங்கின. அதற்கு முன்னால் நட்ட ஈட்டுக்காகச் சர்க்கார் ஆட்கள் வந்து நிலத்தை அளந்தார்கள், வீட்டை அளந்தார்கள், பள்ளத்தை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் பள்ளம் இன்னும் தன்னுடையதுதான் என்று மனுசன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள், அம்சத் பீவி. ஒரே மருமகன், அப்துல் வாஹித் ஆகிய நான். வாரிசுச் சிக்கல் எதுவும் இல்லை.

ஓய்வு பெற்றதும் உத்தமபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டு அணைக்குப் பக்கத்தில் வந்து குடியேறினோம். நான் மீனவர் சங்கத்தில் சேர்ந்து ஒரு பரிசல் வாங்கினேன். பள்ளத்துக்கு வழி சொன்னது அம்சத் பீவிதான்.

"மலை உச்சி மொக்கையும் அணை மேல இருக்க வெளக்குக் கம்பமும் ஒரே நேரா வரணும். அப்பறம் ஒத்தப் பனையப் பாத்துத் துடுப்பப் போடுங்க. தண்ணி எங்கன சில்லுனு இருக்கோ, அங்கனதான் எங்க அத்தா காளவாசல்."

போய் வலையைப் போட்டேன். அன்றைக்கு விழுந்த மீனைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குறைத்தே சொல்கிறேன். பரிசலில் எனக்கு இடமில்லாமல் நான் நீந்தி வந்தேன்.

எங்கள் துறையில் என்னைச் சேர்த்து நான்கு பரிசல். மற்ற மூன்றும் சீனிச்சாமி, ராக்கையா, அம்மாவாசி ஆகியோருடையவை. சீனிச்சாமி எனக்குப் பஸ் காலத்துச் சிநேகிதன். மீன் கூடையோடு ஏறி, கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடக் கூடாது என்று ஆண்டிபட்டியில் ஆரம்பித்துத் தேனி வரைக்கும் சண்டை போடுவான். இறங்கும்போது ஒரு மீனை என் பையில் போட்டுவிட்டுப் போவான். இருபது வருசச் சண்டை அது. அண்ணன் தம்பிகள்கூட அவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன்.

அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரில் எதிரே வருகிறவர் "எங்கன விழுந்துச்சு?" என்று கேட்டால் உண்மையான இடத்தைச் சொல்லக் கூடாது. வடக்கே பிடித்திருந்தால் தெற்கே கையைக் காட்ட வேண்டும். கேட்டவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார். "அப்பிடியா" என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியே போவார். சரியான இடத்தைச் சொல்லிவிட்டால் மீன் அதைக் கேட்டுவிட்டு இடத்தைக் காலி செய்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வரும். அவர்கள் இடத்தை மட்டும் மாற்றுவார்கள். நான் அளவையும் சேர்த்து மாற்றுவேன். ஒரு கெளுத்தி தன் மீசையைப் பரிசலில் சுற்றி என்னை வருசநாடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றும், பஸ் பிடித்துத்தான் திரும்பி வந்தேன் என்றும் சொன்னேன். டிக்கெட் எடுத்தாயா என்று ராக்கையா கேட்டான். மீனுக்கு மட்டும் எடுத்தேன் என்றேன். இப்படித்தான் எங்கள் காலைப் பொழுது போகும்.

2006-ஆம் வருசம் தை மாதம் வேல்விழி என்கிற பெண் வந்தது. கடற்கரையில் இருக்கிற ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையம். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு லேப்டாப். துறையில் எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்துப் பேசியது.

"வானத்துல சுத்துற சாட்டிலைட் எடுத்த படத்துல நிறம் தெரியும்யா. தண்ணி கறுப்பா, பாசி பச்சையா, காஞ்ச தரை வெள்ளையா. ஆனா அந்தப் பச்சைக்குள்ள மீன் முட்டை விடுதா, இல்ல வெறும் பாசிதானான்னு படம் சொல்லாது. அது உங்களுக்குத்தான் தெரியும். கடல்ல சங்கு குளிக்கிறவங்க, வலை போடுறவங்க சொன்னத படத்தோட சேத்து வச்சுத்தான் கடற்புல் எங்க, பாறை எங்க, குஞ்சு மீன் வளர்ற இடம் எங்கன்னு வரைஞ்சோம். அதையே இந்த அணையில செஞ்சு பாக்கப் போறோம்."

"மேல இருந்து பாத்தா நாங்க குளிக்கிறது தெரியுமா தாயி?" என்றான் ராக்கையா.

"அவ்வளவு சின்னதெல்லாம் தெரியாதுங்க."

"ராக்கையா தொப்ப சின்னது இல்லயே," என்றான் அம்மாவாசி. "அது தெரியணுமே."

அந்தப் பெண்ணும் சிரித்தது. பிறகு விசயத்துக்கு வந்தது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற இடங்கள் தெரிந்தால், முட்டையிடும் மாதங்களில் மட்டும் அங்கே மிதவை போட்டு வலைக்குத் தடை விதிக்கலாம். அந்த ரெண்டு மாதம் போனால் மறுபடி நம் இடம் நமக்கு. குஞ்சு பெருத்து அணை முழுக்க மீன் கூடும். சங்கமும் இதற்குச் சம்மதித்துவிட்டது.

பெண் போன பிறகு நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. ஒருவர் இடம் இன்னொருவருக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை.

சீனிச்சாமிதான் ஆரம்பித்தான். "இங்கேருங்க. வருசா வருசம் மீன் கொறையுது. பொய் சொல்லி யாருக்கும் லாபமில்ல. நாலு பேரும் உண்மையான எடத்தச் சொல்லுவோம். நாலு எடத்தையும் ரெண்டு மாசம் மூடட்டும். நட்டம்னா எல்லாருக்கும் நட்டம், லாபம்னா எல்லாருக்கும் லாபம்."

ஒரு செம்பில் அணைத் தண்ணீரை மொண்டு வந்தான். நால்வரும் அதில் விரலை விட்டுச் சத்தியம் செய்தோம். கடைசியில் செம்பை என்னிடம் நீட்டி, "மாமா, நீ ரெண்டு தடவ தொடு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மணிக்கட்டு வரைக்கும் முக்கினேன்.

வேல்விழி எங்களைத் தனித்தனியாகத்தான் கேட்டது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுந்தால் அதையே சொல்லிவிடுவார்களாம். என் முறை வந்தபோது வீட்டுக்கே வந்தது. லேப்டாப்பைத் திறந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால் பெரிய வறட்சி வந்ததே, அப்போது எடுத்த படம். அணைத் தண்ணீர் சுருங்கி ஒரு கிழிந்த துணி மாதிரி கிடந்தது. சுற்றிலும் வெள்ளைத் தரை. தெற்குப் பக்கம் ஒரே மேகம், அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வறட்சியில் மழைக்குத்தான் பஞ்சம், மேகத்துக்கு இல்லை போலும்.

அம்சத் பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"இந்தக் கோடு எங்க ஊரு ரோடுல்ல. இந்தா, இந்தப் பச்சப் புள்ளி. இதான் எங்க அத்தா காளவாசப் பள்ளம். இங்கன வச்சுத்தான் என்னய வெளக்கமாத்தால அடிச்சாக."

"எதுக்கு?" என்று வேல்விழி கேட்டது.

"காயாத செங்கல் மேல ஆட்ட வெரட்டி விட்டேன். அம்புட்டுச் செங்கல்லயும் ஆட்டுக் கொளம்புத் தடம்."

அவ்வளவு வறட்சியிலும் அந்தப் புள்ளி வற்றவில்லை. நான் விரலை அதில் வைத்தேன். விராலும் கெளுத்தியும் அங்கே ஒதுங்குவதை, ஓரத்துப் பாசியில் விரால் முட்டை விடுவதை, குஞ்சுகள் சிவப்பாகப் பந்து மாதிரி மிதப்பதை எல்லாம் சொன்னேன். ஒரு சாண் கூட்டவில்லை. சொல்லி முடித்தபோது வாய் ஏதோ புதுச் செருப்புப் போட்ட கால் மாதிரி இருந்தது.

மறுநாள் துறையில் சீனிச்சாமி கேட்டான்.

"சொல்லிட்டியா மாமா?"

"சொல்லிட்டேன் மாப்ள."

"சரியாவா?"

"எங்க அத்தா மேல ஆணையா."

"நல்லது, நல்லது," என்று முதுகில் தட்டினான். "நானும் சொல்லிட்டேன்."

ஆவணி மாதத்தில் வரைபடம் வெளியிடும் விழா. சங்கக் கட்டடத்தில் பந்தல், மைக், அதிகாரிகள், பிரியாணி. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏன் என்று புரியவில்லை. போனதும் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் என் மூன்று சிநேகிதர்களும் கைதட்டினார்கள். ராக்கையா தட்டிய தட்டில் வருசநாட்டு மலையில் ஒரு பாறை உருண்டிருக்கும்.

திரையை விலக்கினார்கள். நீல நிறத்தில் அணை, கதவு அகலத்துக்கு. அதில் ஒரே ஒரு சிவப்பு வட்டம். மூன்று இடத்தில் சாம்பல் நிறத்தில் பெருக்கல் குறி.

வேல்விழி மைக்கில் விளக்கியது. நான்கு பேர் சொன்ன நான்கு இடங்களைப் படத்தில் வைத்துப் பார்த்ததில் மூன்று இடங்கள் வறட்சிக் காலத்தில் வெறும் காய்ந்த தரை. பாசி இல்லை, பள்ளம் இல்லை, தண்ணீரே இல்லை. வயதானவர்கள், ஞாபகப் பிசகு, அவர்கள்மேல் குற்றம் இல்லை. வாஹித் ஐயா சொன்ன இடம் மட்டும் அச்சாகப் பொருந்துகிறது. அதனால் ரெண்டு மாதம் நாலு இடத்தை மூடும் யோசனையைக் கைவிட்டு, கிடைத்த ஒரே இடத்தை வருசம் முழுக்க, ஐந்து வருசத்துக்கு மூடுவதாகச் சங்கம் முடிவு செய்திருக்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கத்தில் நானும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டேன். பிறகுதான் கை நின்றது. முப்பது வருசம் டிக்கெட் கிழித்த கை. அது அப்படிப் பாதித் தட்டில் நின்றது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் சீனிச்சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே சீனி. தண்ணியத் தொட்டுச் சொன்னமேடா."

"சொன்னோம்."

"அப்பறம்?"

எலும்பை ஓரமாக வைத்தான். "அந்தப் புள்ள எங்கனன்னு கேட்டுச்சு. கேட்டதும் கை தன்னால எதிர்ப்பக்கம் போயிருச்சு மாமா. நாப்பது வருசப் பழக்கம்."

"கை போச்சு, சரி. வாயி?"

"வாயி கையோட போயிருச்சு."

நான் சிரிக்கவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதற்குச் சிரித்திருப்பேன்.

"எம் பள்ளம் போச்சுடா. அஞ்சு வருசம். எனக்கு இப்ப அறுபது."

"நீ உண்மையச் சொல்லுவேன்னு யாரு கண்டா?" என்றான். அவன் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. என்மேல் வருத்தம். "இந்த அணையில பொய்யின்னு ஒண்ணு இருந்தா அதுக்கு அப்பன் நீதான. நீ எப்பிடியும் பனைமரத்து உச்சியில மீனு முட்ட விடுதுன்னு சொல்லிருப்ப. நாலும் பொய்யாப் போயிரும், அவுக படத்தச் சுருட்டிக்கிட்டுப் போயிருவாக, நம்ம பாடு பழையபடி ஓடும்னு நெனச்சோம்."

"நெனச்சோமா? யாரு யாரு?"

எதிர்வரிசையில் அம்மாவாசி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"நாங்க மூணு பேருந்தான்," என்றான் சீனிச்சாமி. "சத்தியம் பண்ணுன அன்னக்கிச் சாயங்காலம் ஆண்டிபட்டிச் சந்தையில வச்சுப் பேசுனோம்."

"என்னயக் கூப்புடல."

"ஒன்னய எதுக்குக் கூப்புடணும் மாமா? ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

அந்தப் பிரியாணியில் உப்பு இருந்ததா, காரம் இருந்ததா எனக்குத் தெரியாது. பள்ளம் போனது ஒரு பக்கம். எனக்குப் பின்னால் மூன்று பேரும் கூடி, இவன் எப்படியும் பொய்தான் சொல்லுவான் என்று ஒருமனதாக முடிவு செய்து, என்னைப் பெருமையாக நம்பியிருக்கிறார்கள். துரோகம் என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பகை இருக்கும். இதில் பாசம் இருந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். தேனி பஸ் நிலையத்தில் "கம்பம், கம்பம், கம்பம்" என்று நான் கூவினால் கம்பத்தில் இருக்கிறவர்களே எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட தொண்டை அன்று கீச்சென்றது.

"ஐயாமார்களே, இந்தப் படம் தப்பு," என்றேன். "சீனிச்சாமி எடம் அவன் சொன்ன எடம் இல்ல. தெக்க, ஆறு வந்து சேருற மூலையில முங்கிப் போன பாலத்துக்கு அடியில இருக்கு. ராக்கையா எடம் அதுக்கு மேக்க கருவ மரக் கட்டைகளுக்குள்ள. அம்மாவாசி எடம் ரெண்டுக்கும் நடுவுல. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அம்புட்டுத்தான். மூடுறதுன்னா நாலையும் மூடுங்க. சொன்னபடி ரெண்டு மாசம் மூடுங்க."

 வேல்விழி லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தது.

"அந்தப் பக்கம் மேகம்யா. படத்துல ஒண்ணும் தெரியல." பிறகு முன்வரிசையைப் பார்த்துக் கேட்டது. "சீனிச்சாமி ஐயா, அவங்க சொல்றது சரியா? பாலத்துக்கடியில இருக்கா?"

சீனிச்சாமி எழுந்தான். என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நொடியில் ஒரு நம்பிக்கை வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது வருசம் கூடைக்காகச் சண்டை போட்டவன், மைக் முன்னால் எனக்காக ஒரு தடவை தலையை ஆட்டுவான் என்று நினைத்தேன்.

அவன் சிரித்தான்.

"தாயி, மாமா ஆரம்பிச்சிட்டாரு," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "போன வருசந்தான் ஒரு கெளுத்தி இவர வருசநாடு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சுன்னாரு. மீனுக்கு டிக்கெட் எடுத்தாராம்."

பந்தல் வெடித்தது. ராக்கையா தொடையில் தட்டிச் சிரித்தான். அம்மாவாசி துண்டால் கண்ணைத் துடைத்தான். அதிகாரிகள் சிரித்தார்கள். ஐயா நல்ல நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று ஒருவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வேல்விழிகூடச் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடியது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது, மேகத்துக்குக் கீழே போய்ப் பார்க்க அதற்கு நாள் இல்லை.

பெண்கள் பக்கத்தில் அம்சத் பீவி மட்டும் சிரிக்காமல் நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் சிவப்பு மிதவைகள் போட்டார்கள். அதோடு நிற்காமல், உண்மை சொன்ன கௌரவத்துக்காக அந்த இடத்துக்குக் காவல் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். வீட்டில் சொன்னேன்.

"எங்க அத்தா பள்ளத்துக்கு நீங்க வாட்ச்மேனா?" என்றாள் அம்சத் பீவி.

"ஆமா."

"வேற யாரும் போயி ஒக்காந்துறக் கூடாதுல. போங்க," என்று தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் நான் என் பரிசலில், வலை இல்லாமல், என் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மூன்று பரிசல்களும் என்னைக் கடந்து தெற்கே போகும். முதல் சில நாள் சீனிச்சாமி பக்கத்தில் வந்து ஒரு மீனை என் பரிசலுக்குள் போட்டான். நான் எடுத்து அவன் பரிசலுக்குள் திருப்பிப் போட்டேன். லக்கேஜ் டிக்கெட்டைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். நான் மலை மொக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மீன் போடுவதை விட்டுவிட்டான். கடந்து போகும்போது குரல் மட்டும் கொடுப்பான்.

மறுவருசம் சித்திரையில் ஒரு நாள். காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி. பாசியின் ஓரத்தில் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்ட மாதிரி ஒரு சிவப்பு மிதந்து வந்தது. விரால் குஞ்சுகள், கூட்டமாக. அதன் கீழே தாய் விரால் எழுந்தது. என் பரிசலை ஒட்டி நின்று, வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போனது. எத்தனையோ மீனை எத்தனையோ அளவு சொல்லி இருக்கிறேன். இந்த ஒரு மீனுக்கு நான் எதையும் கூட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சீனிச்சாமியின் பரிசல் வந்தது. தண்ணீரில் அலை வட்டம் இன்னும் விரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டான். துடுப்பை நிறுத்தினான்.

"என்ன மாமா, ஏதோ பெருசா எந்திரிச்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மாப்ள."

"ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல."

பரிசல் தன்னால் அரைச் சுற்றுச் சுற்றியது. அவன் அதை நேராக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கைகளை அகட்டுவேன் என்று, கெளுத்தியை விடப் பெரிய ஒன்றை அவிழ்த்து விடுவேன் என்று, அதற்கு அவன் ஒரு பதில் சொல்லலாம் என்று காத்திருந்தான். நான் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

வெகுநேரம் கழித்துத் துடுப்புச் சத்தம் தெற்கே போகிறது கேட்டது.